பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பிழைப்பு

முழங்கால் வலித்தால் மூட்டுவலி. முதுகு பிடித்தால் இடுப்புப்பிடிப்பு. கழுத்து திரும்பாவிட்டால் சுளுக்கு. காதுக்கு முன்னால், கன்னப்பொட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தாடை மூட்டு வலித்தால் மட்டும் அதற்கென்று நம் பேச்சில் ஒரு பெயர் இல்லை. அக்கம்பக்கத்து உறுப்புகளிடம் கடன் வாங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘காதுக்குள்ள குடையுது’ என்பார் ஒருவர். ‘கடவாப்பல்லு வலி’ என்பார் இன்னொருவர். மூன்றாமவருக்கு அது ‘ஒத்தைத் தலைவலி’. மூவருக்கும் கோளாறு ஒரே மூட்டில் இருக்கலாம். ஆனால் பெயரை வைத்துத்தானே வைத்தியரைத் தேடுகிறோம்? முதலாமவர் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார், இரண்டாமவர் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார், மூன்றாமவர் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துப் படுத்துவிடுகிறார்.

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பகுதியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பாலாற்றில் கலந்த கழிவு, உப்பேறிய கிணறுகள், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, அதில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு எல்லாம் சட்டக் கல்லூரிப் பாடமாகிவிட்டன. தொழிலாளியின் உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தோல் அரிப்பு, இளைப்பு, இடுப்புவலி என்று பட்டியல் போடுவார்கள். தாடை அதில் வராது. தாடைவலியைத் தோல் பதனிடும் தொழிலின் நோய் என்று சொல்லவும் முடியாது. டிரம்மில் சுழலும் குரோமியத்தின் மேல் இந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை. ஆனால் இந்த வலி யாரை அதிகம் பிடிக்கிறது என்று பார்த்தால் கதை வேறு. 20 முதல் 40 வயது வரை உள்ளவர்களையே அதிகம் பிடிக்கிறது; ஆணைவிடப் பெண்ணை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் தையல் வரிசையில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்த வயதுப் பெண்கள்தான்.

இந்த மூட்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள். ஒன்று அசைந்தால் மற்றதும் அசைந்தாக வேண்டும். ஒரு முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து நொண்டியாவது நடக்கலாம். ஒரு பக்கத் தாடைக்கு மட்டும் விடுப்புத் தர முடியாது. புத்தூர்க் கட்டுப் போட்டு ஆறு வாரம் அசையாமல் வைப்பதும் நடக்காத காரியம். பேச வேண்டும், தின்ன வேண்டும், எச்சில் விழுங்க வேண்டும், கொட்டாவி வந்தால் அதையும் விட வேண்டும்.

வாயை லேசாகத் திறக்கும்போது தாடை மூட்டு கதவுக் கீல் போலச் சுழல்கிறது. இன்னும் அகலத் திறந்தால் கீழ்த்தாடை எலும்பின் குமிழ் தன் குழியை விட்டு முன்னால் வழுக்கி, எதிரே உள்ள சிறு மேட்டை நோக்கி இறங்குகிறது. கதவைத் திறக்கும்போது கீலும் கூடவே நகர்ந்து வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு நார்க்குருத்துத் தட்டு இருக்கிறது. குமிழ் போகும்போது கூடவே போய், திரும்பும்போது கூடவே திரும்ப வேண்டியது அதன் வேலை. அதைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்து தட்டு கொஞ்சம் முன்னே நகர்ந்துவிட்டால், வாய் திறக்கும்போது குமிழ் அதன் தடித்த பின்விளிம்பைத் தாண்டிக் குதித்து ஏறுகிறது. அந்தக் குதிப்புதான் ‘டக்’. மூடும்போது தட்டு மறுபடி நழுவினால் சின்னதாக இன்னொரு ‘டக்’.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கிற அளவுக்குச் சத்தம் வரலாம். கேட்டவர் திரும்பிப் பார்ப்பார். சத்தத்துக்குச் சொந்தக்காரருக்கு அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொள்ளும். எலும்பு தேய்கிறதோ, ஒருநாள் வாயே திறக்காமல் போய்விடுமோ என்று. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து திறந்து சோதித்துப் பார்ப்பார்கள். மூட்டுக்கு அந்தச் சோதனைதான் கூடுதல் வேலை. வலியும் இல்லாமல், வாய் மாட்டிக்கொள்வதும் இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் வருமானால் அதற்கு வைத்தியம் தேவையில்லை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. எந்த வலியும் இல்லாத ஆட்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோதே சுமார் மூன்றில் ஒருவருக்குத் தட்டு இடம் மாறியிருந்தது தெரியவந்தது. படத்தில் தெரிகிற கோளாறும் ஆள் படுகிற வலியும் இங்கே கைகோத்து நடப்பதில்லை.

தட்டு முன்னே போய் அங்கேயே நின்றுவிட்டால் நிலைமை மாறும். குமிழால் அதன் மேல் ஏற முடியாது. சத்தம் திடீரென்று நின்றுபோகும். கூடவே வாயும் பாதியில் நின்றுவிடும். நேற்று வரை மூன்று விரலை அடுக்கி உள்ளே விட முடிந்தவருக்கு இன்று ஒன்றரை விரல்தான் நுழையும். வாய்ப்பூட்டு என்ற சொல் இதற்கு அச்சாகப் பொருந்தும், அரசியல் அந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது என்றாலும். இது பயமுறுத்தும் நிலைதான். ஆனால் இதுவும் பெரும்பாலும் தானே இளகும். ஜப்பானில் இப்படிப் பூட்டிக்கொண்ட 40 பேருக்கு எந்தச் சிகிச்சையும் தராமல் இரண்டரை ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1998-இல் வெளியானது. பத்தில் நான்கு பேருக்குத் தொல்லை அறவே நீங்கியிருந்தது, மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறைந்திருந்தது, கால்வாசிப் பேர்தான் அப்படியே இருந்தார்கள்.

இதற்கு நேர்மாறானது, திறந்த வாய் மூடாமல் போவது. பெரிய கொட்டாவிக்குப் பிறகு குமிழ் மேட்டைத் தாண்டி முன்னே போய் அங்கேயே சிக்கிக்கொள்ளும். எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுமார் 3,600 ஆண்டுகள் பழையது. கட்டைவிரல்களை வாய்க்குள் தாடையின் பின்முனையில் வைத்து, மற்ற விரல்களால் மோவாயைக் கீழிருந்து பிடித்துத் தள்ளி உட்காரவைக்கும் முறை அதில் இருக்கிறது. இன்றைக்கும் அவசரப் பிரிவில் செய்வது ஏறத்தாழ அதைத்தான். கன்னத்தில் ஓர் அறை விட்டால் சேர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்பிக் கன்னத்தைக் காட்டக் கூடாது.

மருத்துவம் இந்த நோயைப் புரிந்துகொண்ட கதை, ஓர் அழகான தவறிலிருந்து தொடங்குகிறது. 1934-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதுவலி என்று வந்த சிலரிடம் காதில் கோளாறே இல்லாததைக் கண்டார். கடைவாய்ப் பற்கள் போனதால் தாடை அளவுக்கு மேல் மூடிக்கொண்டு, குமிழ் பின்னால் போய் நரம்பை அழுத்துகிறது என்று விளக்கம் சொன்னார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. விளக்கம் தவறு என்று பின்னால் வந்த உடற்கூறு ஆய்வுகள் காட்டின. காது குடைவதற்குக் காரணம் வேறு: தாடை மூட்டிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் அதே நரம்பின் கிளை காதுமடலின் முன்பகுதிக்கும் காதுத் துளைக்கும் போகிறது. ஒரே கம்பியில் இரண்டு வீட்டு அழைப்புமணி. எந்த வீட்டு வாசலில் ஆள் நிற்கிறார் என்று மூளைக்குத் தெரிவதில்லை.

விளக்கம் விழுந்தாலும் அதிலிருந்து பிறந்த பழக்கம் விழவில்லை. ‘கடி சரியில்லை’ என்று பற்களை இழைப்பதும், தொப்பி போட்டு உயரம் ஏற்றுவதும், வளைவைத் திருத்தக் கம்பி கட்டுவதும் பல பத்தாண்டுகள் நடந்தன. இன்றும் நடக்கின்றன. 1969-இல் டேனியல் லாஸ்கின் என்ற வாய் அறுவை மருத்துவர், பல வலிகளுக்கு மூட்டைவிடத் தசைதான் காரணம், தசை களைத்துப்போவதற்கு மன அழுத்தத்தில் பல்லைக் கடிப்பதே காரணம் என்று வாதிட்டார். பிறகு அமெரிக்காவில் ஓப்பெரா என்ற பெரிய ஆய்வு வந்தது. தாடைவலியே இல்லாத, 18 முதல் 44 வயது வரையுள்ள 2,700-க்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஆண்டுக்கு நூற்றில் சுமார் நான்கு பேருக்குப் புதிதாக வலி வந்தது. யாருக்கு வந்தது? உடம்பில் வேறு வலிகளும் தொந்தரவுகளும் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு, தூக்கம் கெட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு, தாடையை ஓயாமல் இறுக்குகிறவர்களுக்கு.

அந்த ஆய்வில் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. புதிதாக வலி வருவதில் ஆண், பெண் வித்தியாசம் சொற்பம். அப்படியானால் மருத்துவமனை வரிசையில் ஏன் இத்தனை பெண்கள்? பெண்களிடம் வந்த வலி போகாமல் தங்கிவிடுகிறது என்பதே பொருத்தமான ஊகம். ஹார்மோன், நரம்பு என்று உடம்புக்குள் காரணம் தேடுகிறார்கள், தேடட்டும். ஆம்பூரில் காலை பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் உடம்புக்கு வெளியே உள்ள காரணங்களும் கொஞ்சம் தெரியும்.

கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் விடியும் முன்பே எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். உள்ளே போனால் கட்டிங், ஸ்கைவிங், மடிப்பு, தையல், லாஸ்டிங் என்று வரிசையாக வேலை. மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். அப்பர் எனும் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிறவர் கழுத்தை முன்னால் நீட்டி ஊசி முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நுணுக்கமான வேலையில் கவனம் குவியும்போது பலரும் தம்மை அறியாமல் பல்லோடு பல்லை வைத்து அழுத்துவார்கள். இதற்குத் தோல் தொழில் வேண்டியதில்லை. தேர்வு எழுதும் மாணவனும் கணினி முன் உட்கார்ந்த குமாஸ்தாவும் செய்வதுதான். ஆனால் எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் என்றால் கணக்கு எங்கோ போய்விடும். மேல்பல்லும் கீழ்பல்லும் ஒரு முழு நாளில் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம், மெல்லுவது விழுங்குவது எல்லாம் சேர்த்து, சுமார் 20 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் உதடு மூடியிருக்க, பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும். படிக்கிறவர் இப்போது தம் வாயைக் கவனித்துக்கொள்ளலாம்.

வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைப்பவர்கள் தனி உலகம். மொக்காசின் வகைக் காலணிகளின் மேல்பகுதியைக் கைத்தையல் போடக் கம்பெனியிலிருந்து இடைத்தரகர் வழியாக வீட்டுக்கு வருகிறது. ஜோடிக்கு இத்தனை என்று கூலி. தொழிலாளர் உரிமை அமைப்பான சிவிடெப் இந்தியாவும் வெளிநாட்டு அமைப்புகளும் சேர்ந்து 2016-இல் ஆம்பூர்ப் பகுதியின் இந்தப் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோதுதான், ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ஷூக்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கை இருக்கிறது என்பது வெளியே பேசப்பட்டது. சுவரில் சாய்ந்து, மடியில் துண்டை வைத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தைக்கிற வேலை அது. கத்தரி எட்டாத தூரத்தில் இருந்தால் நூலைப் பல்லால் அறுப்பார்கள். தையல்காரர்களுக்கும், ஆணியை வாயில் கவ்விக்கொண்டு அடிக்கும் செருப்புத் தொழிலாளிகளுக்கும், தச்சர்களுக்கும் முன்பல்லின் நுனியில் சிறு பள்ளம் விழுவதைப் பல் மருத்துவப் பாடநூல்கள் வெகுகாலமாகவே குறித்துவைத்திருக்கின்றன. முன்பல்லால் கடித்து இழுக்கும்போது கீழ்த்தாடை முன்னே தள்ளப்பட்டு மூட்டும் இழுபடுகிறது.

‘எப்படிம்மா சமாளிக்கிறீங்க?’ என்று கேட்டால் தமிழில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ‘பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டறோம்.’ பொறுமைக்கு நம் மொழி வைத்த அந்தப் பெயரே இந்த நோயின் செய்முறையாகவும் இருப்பது தற்செயல்தானா என்று தெரியவில்லை. இரவில் நறநறவென்று பல்லைக் கடிப்பது வேறு கணக்கு. குழந்தை கடித்தால் வயிற்றில் பூச்சி என்று பாட்டிகள் சொல்வார்கள். பெரியவர் கடித்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அது தூக்கத்தில் மூளை செய்கிற வேலை. பல் தேயலாம், ஆனால் கடிக்கிற எல்லோருக்கும் தாடை வலிப்பதில்லை.

வேலூருக்கும் மெல்லும் தசைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1946-இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத் தேய்ந்துபோகின்றன என்று கண்டு சொன்னவர். வலி என்பது யாரும் கேட்டு வாங்காத ஒரு வரம் என்று பின்னாளில் புத்தகமே எழுதினார். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். தொழுநோய் முக நரம்பைத் தாக்கும்போது இமை மூடாமல் போய்விடும்; கண் காய்ந்து பார்வை போகும். அதற்கான அறுவையில் கன்னப்பொட்டில் விசிறி போல் விரிந்திருக்கும் மெல்லும் தசையிலிருந்து ஒரு கீற்றைப் பிரித்து இமைகளுக்குள் கொண்டுபோய் இணைப்பார்கள். 1955-இல் வேலூருக்குப் பக்கத்தில் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் இது செய்யப்பட்டது. தையல் ஆறிய பிறகு நோயாளி ஒரு புதுப் பாடம் படிக்க வேண்டும்: பல்லைக் கடித்தால் கண் மூடும். ஒரு நாளில் பல நூறு முறை நினைவாகக் கடித்துக் கடித்துக் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் கடிக்கப் பழகினார்கள்; தாடைவலிக்காரர்கள் கடிக்காமலிருக்கப் பழக வேண்டும். பிராண்ட் பார்த்தது மணி அடிக்காத வீடு. நாள்பட்ட தாடைவலியில் திருடன் போன பிறகும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியில் மூட்டின் சேதத்தைவிட நரம்பு மண்டலத்தின் கூர்மையே பெரிய பங்கு வகிக்கலாம். இதை ‘எல்லாம் மனப்பிரமை’ என்று நோயாளியிடம் மொழிபெயர்த்துச் சொல்கிறவர்களுக்கு மன்னிப்பே கிடையாது. வலி நிஜம்; அது கிளம்புகிற இடம்தான் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.

வாய் திறக்காதது எல்லாம் மூட்டுக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. இந்த வட்டாரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘வாயில் என்ன போடுகிறீர்கள்?’ என்பதுதான். பாக்கு, மாவா, குட்கா மென்று மென்று வாயின் உட்தோல் நாராகி இறுகிப்போவது இன்னொரு நோய். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டதை வைத்து 1952-இல் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மூட்டுக் கோளாறில் கன்னம் மெத்தென்றே இருக்கும். இந்த நோயில் விரலை உள்ளே விட்டுத் தடவினால் கன்னம் பதனிட்ட தோல் மாதிரி விறைத்திருக்கும், காரம் பட்டால் எரியும். தோல் தொழிலாளிக்கு இதைவிடத் தெளிவாக அடையாளம் சொல்ல முடியாது. இது புற்றுநோய்க்கு முந்திய நிலை. தாடைப் பயிற்சி செய்துகொண்டு நாளைக் கடத்தக் கூடாது. தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013-இலேயே தடை வந்துவிட்டது. பெட்டிக்கடைக்கு அந்தச் செய்தி முழுதாகப் போய்ச் சேரவில்லை.

மற்ற எச்சரிக்கைகள் சுருக்கமாக. நடந்தால் வந்து நின்றால் போகும் இடது தாடைவலி இதயத்திலிருந்து வரலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து, கன்னப்பொட்டு தொட்டால் வலித்து, பார்வை மங்கினால் அன்றைக்கே மருத்துவமனை. காயம் பட்ட சில நாளில் தாடை இறுகினால் ரணஜன்னி. ஷேவிங் கத்தியும் துருப்பிடித்த ஆணியும் புழங்கும் இடத்தில் இதை மறக்கக் கூடாது. வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் பல்லின் சீழ். ஷாக் அடித்தது போல் நொடிக்கணக்கில் வந்து போவது நரம்புவலி.

இத்தனையும் இல்லை, மூட்டும் தசையும்தான் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? 2023 டிசம்பரில் பிஎம்ஜே இதழ், நாள்பட்ட தாடைவலிக்கான சர்வதேச வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. நோயாளிகளும் அமர்ந்திருந்த குழு அது. அவர்கள் உறுதியாகப் பரிந்துரைத்தவற்றில் மருந்தும் இல்லை, கருவியும் இல்லை: நோயைப் பற்றி விளக்கிச் சொல்லித் தைரியம் தருவது, வீட்டில் செய்யும் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தாடை, கழுத்துப் பயிற்சிகள், இறுகிய தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தி இளக்குவது, வலியோடு வாழும் விதத்தை மாற்றும் அறிவுநடத்தைப் பயிற்சி. பல் மருத்துவமனைகளில் அச்செடுத்துச் செய்து தரும் கழற்றி மாட்டும் பல் உறை, மூட்டுக்குள் ஊசியால் கழுவுதல், போடாக்ஸ் ஊசி, லேசர் எல்லாவற்றுக்கும் ‘பொதுவாக வேண்டாம்’ என்ற பக்கமே சாய்ந்தார்கள். கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் உறைகளுக்கும் தட்டையே வெட்டி எடுக்கும் அறுவைக்கும் உறுதியான ‘வேண்டாம்’.

பல் உறை விஷயத்தில் இந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமை என்று சொல்லும் பல் மருத்துவர்கள் உண்டு. இரவில் பல் தேய்வதைத் தடுக்க அது உதவும். வலியைத் தீர்க்கும் என்று வாக்குக் கொடுத்து விற்பதுதான் தவறு. வாயைத் திறக்கவே முடியாதபடி எலும்போடு எலும்பு ஒட்டிப்போனவர்களுக்கு அறுவை தேவை. சிறுவயதில் மோவாய் அடிபட்டதாலும் காதில் சீழ் வைத்ததாலும் அப்படி ஆனவர்கள் நம் நாட்டில் நிறைய. மற்றவர்களில் மிகச் சிலருக்கே கத்தி வேண்டியிருக்கும்.

அவசரப்பட்டுக் கத்தியை எடுத்ததன் விலையை அமெரிக்கா கொடுத்துவிட்டது. ஹூஸ்டனில் இருந்த வைடெக் என்ற நிறுவனம், டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளைத் தயாரித்தது. 1983-இல் அரசின் ஒப்புதல் கிடைத்து ஆயிரக்கணக்கானோரின் தாடையில் பொருத்தப்பட்டன. மெல்லும் அழுத்தத்தில் அவை பொடிந்தன. பொடித்துகளை விரட்டக் கிளம்பிய உடம்பு எலும்பையே அரித்துத் தின்றது. 1990-91-இல் அரசு எச்சரித்துத் திரும்பப் பெற வைப்பதற்குள் நிறுவனம் திவாலாகிவிட்டது. சாதாரண ‘டக்’ சத்தத்தோடு உள்ளே போன சிலர், பத்துக்கும் மேற்பட்ட அறுவைகளோடு வெளியே வந்தார்கள். இந்த மூட்டைப் பொறுத்தவரை, திரும்பப் பெற முடியாத எந்தச் சிகிச்சைக்கும் சட்டென்று தலையாட்டக் கூடாது.

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். ஆம்பூரில் தாடைவலியோடு இருப்பவருக்கு முதல் சோதனை பிரியாணி. சீரக சம்பா அரிசியால் தொல்லை இல்லை. கத்திரிக்காய்ப் பச்சடியும் தால்ச்சாவும் நண்பர்கள். பிரச்சினை கறியில்தான், அதிலும் நாரோடிய மாட்டுக்கறித் துண்டில். இரண்டு வாரத்துக்குப் பொடியாக நறுக்கியோ கொத்திப்போட்டோ சாப்பிட்டால் போதும், விட்டுவிடத் தேவையில்லை. ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியைத் தாடை மூட்டுக்கென்றே கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும். ஆற்காட்டு மக்கன் பேடாவும் பாதகமில்லை. பொங்கல் கரும்பை முன்பல்லால் கடித்து உரிப்பது, பொருவிளங்காய் உருண்டையோடு மல்லுக்கட்டுவது, எலும்பை உறிஞ்சுவது, பபிள்கம் ஆகியவற்றுக்கு மட்டும் விடுமுறை. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பழமொழியை மூட்டு ஆறும் வரை கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.

கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமோ உப்பு ஒத்தடமோ பத்துப் பதினைந்து நிமிடம். கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே முஷ்டியை முட்டுக்கொடுத்து, பாதியளவு விட்டால் போதும். வலி மாத்திரை சில நாள், மருத்துவர் சொன்ன அளவில்; மருந்துக்கடையில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. நாக்கை எங்கே வைப்பது என்பதற்குத் தமிழில் ஓர் எளிய வழி இருக்கிறது. ‘ந’ சொன்னால் நாக்கு பல்லைத் தொடும். ‘ன’ சொன்னால் பல்லுக்குச் சற்று மேலே ஈறைத் தொடும். ‘ன்’ என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்தினால் பற்கள் தாமே விலகி நிற்கும், தாடைத் தசைகள் தளரும். தமிழ் எழுத்துத் தெரிந்தவருக்கு இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுக்க அரை நிமிடம் ஆகாது. மெஷினில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்து, கண்ணில் படும்போதெல்லாம் ‘பல் ஒட்டியிருக்கிறதா?’ என்று பார்த்துக்கொள்வது அடுத்த படி. ஒரு நாளில் எத்தனை முறை மாட்டிக்கொள்கிறோம் என்பது முதல் வாரத்தில் யாரையும் திடுக்கிட வைக்கும்.

யாரிடம் போவது? பல் மருத்துவரிடமே போகலாம். பல்லில் கை வைக்கும் முன் மூட்டையும் தசையையும் தொட்டுப் பார்க்கிறவராக இருக்க வேண்டும். சிஎம்சியிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. பிசியோதெரபிதான் முதல் மருந்து என்று உலகம் இப்போது சொல்கிறது. வேலூருக்கு அது புதிதில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியபோது, இந்தியாவில் அது முன்னோடி. ஆனால் தாடைக்கும் பிசியோதெரபி உண்டு என்று தெரிந்து அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் சொற்பம்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. ஓய்வு, நல்ல தூக்கம், வாரம் ஒருமுறை பயிற்சிக்கு வருவது, மணிக்கு ஒருமுறை கழுத்தை நிமிர்த்துவது. மருந்துக்கடையில் கிடைக்காத சரக்குகள் இவை. கம்பெனிக்குள் இருப்பவருக்கு ஓரளவு வழி உண்டு. 2017-இலிருந்து மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகிறார்கள். சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி மூன்றேகால் சதவீதம் கட்டுகிறார். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தாடைவலிக்காக யாரும் அதைக் கேட்பதில்லை, காதுவலி என்றும் பல்வலி என்றும் சீட்டு வாங்கிக்கொண்டு மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே ஷூவுக்கு அப்பர் தைக்கும் பெண் எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. அவருக்கு இஎஸ்ஐ அட்டையும் கிடையாது.